காட்டு வழியிற் கதிர்காமம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் சேர்த்துச் சொல்வது நம் முன்னோர் மரபு. இம்மூன்றையும் நாடிச் செல்பவனுக்கு இடையிலே ஒரு வழியும் உண்டு. அவ்வழி இக்காலத்திற் பெரும்பாலும் பஸ்வண்டியின் சாளரத்துக்கு வெளியே விரைந்து மறைந்து போகின்றது. கதிர்காமத்துக்கு நாமும் அவ்வாறு பன்முறை சென்று வந்ததுண்டு. இரவிலே கொழும்பில் ஏறி, விடியற்காலையில் மாணிக்க கங்கையில் மூழ்கி, நண்பகலுக்கு முன் வழிபாட்டை முடித்துக்கொண்டு, மறுநாள் அலுவலுக்கும் தவறாமற் போயிருக்கிறோம். "கோயிலைப் பார்த்தீர்கள், யாத்திரை செய்யவில்லையே" என்று எம் உறவினராகிய முதியவர் ஒருவர் ஒருநாள் சொன்னார். நகைச்சுவையாகத்தான் சொன்னார், ஆயினும் அச்சொல் எம் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

அதன் பயனாகவே நண்பர் இருவருடன் உகந்தைமலையிலிருந்து காட்டு வழியே கால்நடையாகக் கதிர்காமம் செல்ல உறுதி செய்தோம். அந்தப் பயணத்திற் கண்டவற்றையும், எம்மைப் பற்றி யாம் அறிந்துகொண்ட ஒன்றையும் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்நிதியிலிருந்து புறப்படும் பாதை

கதிர்காமப் பாதயாத்திரையின் முழுப் பாதை வடக்கே தொண்டைமானாற்றங்கரையில் உள்ள செல்வச்சந்நிதியில் தொடங்குகின்றது. அங்கே பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்வர். கதிர்காமத்திலும் கப்புறாளைமார் அவ்வாறே செய்வர். ஆற்றிலே மீன்பிடித்து வாழ்ந்த மருதர் கதிர்காமர் என்னும் அடியாருக்கு முருகனே கதிர்காமத்துப் பூசை முறையைக் காட்டிக்கொடுத்தான் என்பது சந்நிதியின் ஐதிகம். நாட்டின் இரு கோடியிலும் உள்ள இவ்விரு தலங்களையும் ஒரே மௌனம் இணைத்து நிற்கின்றது.

சந்நிதியிற் புறப்படும் அடியார் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன், திருக்கோணேச்சரம், வெருகல் சித்திரவேலாயுதர், மாமாங்கேச்சரம், திருக்கோவில் எனக் கிழக்குக் கரையோரமாகத் தலந்தோறும் தங்கி வணங்கிச் செல்வர். வழிநெடுகிலும் ஊரவர் அவர்களுக்கு உணவளித்து உபசரிப்பர். ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்தாற்றான் கதிர்காமத்தை அடையலாம். போர்க்காலத்தில் இந்த நெடுவழி அறுந்து போயிற்று. 1988-ஆம் ஆண்டிற் சிறு கூட்டத்தினர் கிழக்கு மாகாணத்திலிருந்து மீண்டும் நடக்கத் தொடங்கினர். போர் ஓய்ந்த 2009-ஆம் ஆண்டின் பின்னர் சந்நிதியிலிருந்தும் வேல் புறப்படலாயிற்று.

இவ்வழி பழமையானது. பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் கதிர்காமத்து முருகன்மீது திருப்புகழ் பாடியிருக்கின்றார். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) 1910-ஆம் ஆண்டளவில் கால்நடையாகவே கதிர்காமம் சென்றார் என்று அவர் வரலாறு கூறும். ஆங்கிலேயர் ஆட்சியில், தொற்று நோய்க்கு அஞ்சிய அரசாங்கம் யாத்திரிகரின் தொகையைக் கட்டுப்படுத்தியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் என்பார் இத்திருவிழாவை மேற்பார்வை செய்யக் கதிர்காமத்திற் சென்று தங்க நேர்ந்தது. தெய்வ நம்பிக்கை இல்லாதவராயினும், துன்பப்பட்டு நடந்து வந்த மக்களின் கூட்டம் அவர் உள்ளத்திற் பதிந்திருக்க வேண்டும். 1913-இல் வெளியான அவருடைய காட்டுக் கிராமத்து நாவலிலும் அத்தகையதொரு யாத்திரை இடம்பெறுகின்றது.

உகந்தைமலை

பொத்துவிலையும் பாணமையையும் கடந்து தெற்கே சென்றால், காடும் கடலும் ஒன்றையொன்று தொடும் இடத்திலே உகந்தைமலை எழுந்து நிற்கின்றது. கீழே முருகன் கோயில். குன்றின் உச்சியிலே வள்ளியம்மன் கோயில். பாறைகளின் இடையே சுனைகள் உள்ளன. முருகன் கல்லோடத்திலே வந்து இக்கரையில் இறங்கினான் என்பர். அந்த ஓடம் இதுவே என்று கரையில் உள்ள பாறை ஒன்றையும் காட்டுவர்.

உகந்தைக்கு அப்பால் ஊர் இல்லை, கடை இல்லை, காடுதான். ஆண்டு முழுவதும் அக்காட்டு வழியாற் செல்ல முடியாது. கதிர்காமத் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மாத்திரம் வழியைத் திறந்து விடுவர். திறக்கும் நாளுக்கு முன்னரே உகந்தையில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிடுகின்றனர். மரநிழல் தோறும் ஒரு குடும்பம். அடுப்புத் தோறும் ஒரு பானை. ஆச்சியின் கையைப் பிடித்தபடி நாலைந்து வயதுக் குழந்தைகளும் அங்கே நின்றன. யாம் வாங்கிச் சென்றிருந்த புதுப் பைகளையும், மருந்துப் பெட்டியையும், பிஸ்கற் பொதிகளையும் பார்த்து அவ்வாச்சிமார் புன்னகை செய்தனர். அவர்களிடம் இருந்தவை ஒரு சீலைப் பொட்டணி, கொஞ்சம் அரிசி, பருப்பு, ஒரு சிறு கான் ஆகியவையே.

வழி திறந்த காலையில், வேல் தாங்கியவர் முன்னே செல்ல, "அரோகரா" என்ற பேரொலியுடன் கூட்டம் காட்டுக்குள் நுழைந்தது. பெயர்களைப் பதிந்துகொண்ட அதிகாரிகளும் கைகூப்பி நின்றனர்.

சாமி என்னும் சொல்

இந்த வழியில் எவருக்கும் பெயர் இல்லை. ஆணும் பெண்ணும் குழந்தையும் ஒருவரை ஒருவர் "சாமி" என்றே அழைக்கின்றனர். "வழி விடுங்க சாமி", "முள்ளுச் சாமி, பாத்து வாங்க" என்ற குரல்களை நாள் முழுவதும் கேட்கலாம். முதல் நாள் இது எமக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது. எம் பின்னே வந்த சிறுவன் எம்மை அவ்வாறு அழைத்தபோது கூச்சமும் உண்டாயிற்று. இரண்டாம் நாள் எம் வாயிலும் அச்சொல் தானாக வந்தது. எதிரே நிற்பவன் உள்ளே இறைவன் இருக்கின்றான் என்பதைச் சைவ நூல்கள் எத்தனையோ விதமாக விளக்கியுள்ளன. அந்த மக்களோ அதனை ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்கின்றனர், வழி கேட்கின்றனர், சுண்ணாம்பு கேட்கின்றனர்.

ஆனி, ஆடி மாதங்களில் அக்காடு வறண்டு கிடக்கின்றது. வெண்மணலும் முட்பற்றையும் மாறிமாறி வரும். பாலைமரங்கள் பழுத்திருக்கும் காலம் அது. அப்பழத்துக்குக் கரடியும் வரும் என்பதால், பழம் பொறுக்கப் பற்றைக்குள் நுழையும் பிள்ளைகளைப் பெரியவர்கள் உடனே அழைத்துக்கொள்வர். பாதையிலே யானையின் அடிச்சுவடுகளைக் கண்டால் கூட்டம் நெருங்கி நடக்கும். "அப்பன் வந்து போயிருக்கிறார்" என்று சொல்லிக்கொள்வரே யன்றி யானை என்று பெயர் சொல்வது அரிது.

குமுக்கன் ஆற்றை அடைந்தபோது உடம்பெல்லாம் உயிர் வந்தாற் போல இருந்தது. பெரிய மருத மரங்கள் கரையில் நின்று ஆற்றின்மேல் நிழல் பரப்புகின்றன. நீரோ முழங்கால் அளவு. குமண வனப் பகுதிக்கும் யால வனப் பகுதிக்கும் இந்த ஆறே எல்லை. அன்று மாலை எல்லாரும் நீராடி, சமைத்து, ஒருவர் இலையில் மற்றவர் பகிர்ந்து உண்டோம். இரவிலே சுற்றிவர நெருப்பு மூட்டிப் பசனை பாடினர். தலைக்குக் கையை அணையாக வைத்து மணலிற் படுத்தபோது, "இவ்வளவு எளிதாக வாழலாமே" என்று எமக்குத் தோன்றியது. உள்ளம் தூய்மையாகிவிட்டது என்றுகூட நினைத்தோம். அந்த நினைவு ஒரு நாளே நிலைத்தது.

நாவலடியில் நடந்தது

குமுக்கன் ஆற்றை விட்டால் நாவலடிப் பக்கத்தில் நீர் அரிது. இப்போது இராணுவத்தினரும் தரும சிந்தையுள்ளோரும் பவுசர்களிலும் தாங்கிகளிலும் நீர் கொண்டுவந்து வைக்கின்றனர். ஆயினும் அது எவ்விடத்தில் நிற்கும் என்பது நடப்பவருக்குத் தெரியாது. அன்று வெயில் கடுமையாக இருந்தது. காலையில் நிரப்பிய போத்தல்களிற் பெரும்பங்கு நண்பகலுக்கு முன்னரே முடிந்துவிட்டது. எம் பையின் அடியில் ஒரு போத்தல் மாத்திரம் முழுதாக இருந்தது. அதனை யாம் வேண்டுமென்றே அடியில் வைத்திருந்தோம்.

நண்பர் இருவரும் முன்னே சென்றுவிட்டனர். வழியோரத்தில் ஒரு முதியவர் வீரை மரத்தின் வேரில் அமர்ந்திருந்தார். காவி வேட்டி, மெலிந்த உடல். கால்களிற் பழந்துணி சுற்றியிருந்தார். எம்மைக் கண்டதும் கை நீட்டி, "சாமி, ஒரு வாய் தண்ணி இருந்தாக் குடுங்க" என்றார்.

"இல்லைச் சாமி, எங்களிடமும் முடிந்துவிட்டது" என்றோம்.

அச்சொல் எவ்வாறு எம் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை எண்ணிப் பார்க்கின்றோம். யோசித்துச் சொன்னதன்று, யோசிப்பதற்கு முன் வந்துவிட்டது. அவர் எம் பையை ஒரு முறை பார்த்தார். பின்பு, "சரி சாமி, முருகன் தருவான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னால் வந்தவர் உகந்தையில் யாம் கண்ட ஆச்சிமாருள் ஒருவர், மட்டக்களப்புப் பக்கத்தவர். அவருடைய சிறிய கானில் ஒரு மிடறோ இரண்டு மிடறோதான் இருந்திருக்கும். நின்று, கானின் மூடியைத் திறந்து, முதியவரின் வாயில் தாமே ஊற்றினார். எஞ்சியதைத் தம் பேரனுக்குக் கொடுத்தார். தாம் குடிக்கவில்லை. "கொஞ்சத் தூரத்தில பவுசர் நிக்குமாம் சாமி, மெல்ல எழும்புங்க" என்று சொல்லி முதியவரைத் தூக்கி நிறுத்தினார். எம்மைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாம் சொன்னது அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

அரை மணி நேரம் நடந்திருப்போம். பாதை திரும்பும் இடத்தில் பவுசர் நின்றது. எல்லாருக்கும் போதுமான நீர் இருந்தது. குளிர்ந்த நீரை நிரப்புவதற்காக எம் பையின் அடியில் இருந்த போத்தலை எடுத்தோம். அதிலிருந்த நீர் வெயிலிற் சூடேறிக் குடிக்கத் தகாததாய் இருந்தது. அதனை மணலிலே கொட்டினோம். மணல் அதை ஒரு நொடியில் உறிஞ்சிவிட்டது.

வியாழையும் கட்டகாமமும்

மறுநாள் வியாழையை அடைந்தோம். மாணிக்க கங்கை கதிர்காமத்தைக் கடந்து வந்து இக்காட்டினூடாகவே கடலைச் சேர்கின்றது. ஆகவே கந்தன் ஊரைக் காணுமுன்னரே அவ்வூர் ஆற்றில் அடியார் நீராடிவிடுகின்றனர். பலரும் மகிழ்ச்சியாற் கூத்தாடினர். எமக்கோ நீரைக் காணும்போதெல்லாம் வீரை மரத்து வேர் நினைவுக்கு வந்தது. முதியவரைத் தேடினோம். கூட்டம் பல பிரிவாகப் பிரிந்து தங்கியிருந்தமையால் அவர் எங்கே என்று அறிய முடியவில்லை.

கட்டகாமத்தில் ஆச்சியைக் கண்டோம். அடுப்புக்கு முன்னே அமர்ந்து பேரனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அருகே சென்று அமர்ந்து, நடந்ததைச் சொன்னோம். பையில் நீர் இருந்ததையும், இல்லை என்று சொன்னதையும் மறைக்காமற் சொன்னோம். அவர் கேட்டு முடித்தார். ஆறுதலும் சொல்லவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை.

"அதை எனக்கிட்டச் சொல்லி என்ன சாமி? அவருக்கிட்டயெல்லோ சொல்லோணும்" என்றார். பிறகு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு ஓர் இலையை எம் முன்னே விரித்தார்.

திரைக்கு முன்னே

மறுநாள் கதிர்காமத்தை அடைந்தோம். காட்டின் அமைதிக்குப் பின் அங்குள்ள சன வெள்ளமும் கடைகளும் ஒலிபெருக்கிகளும் திகைப்பூட்டின. மாணிக்க கங்கையில் மூழ்கி, ஈர ஆடையுடன் சந்நிதிக்குச் சென்றோம்.

கதிர்காமத்தைப் போன்ற ஆலயம் வேறு காண்பது அரிது. வானளாவிய கோபுரம் இல்லை. கண்ணைக் கவரும் சிற்பம் இல்லை. சிறிய கட்டடம் ஒன்று. அதன் உள்ளே ஒரு திரை. வள்ளி தெய்வயானை சமேதராக மயில்மேல் வீற்றிருக்கும் முருகனின் உருவம் அத்திரையில் எழுதப்பட்டுள்ளது. அடியார் வணங்குவது அத்திரையைத்தான். அதற்கு அப்பால் இருப்பதைக் கப்புறாளையைத் தவிர வேறெவரும் காண்பதில்லை. திருவிழா இரவுகளிலே யானையின்மேல் ஏறி வள்ளியம்மன் கோயிலுக்கு எழுந்தருளுவதும் உருவத் திருமேனி அன்று; பேழையில் மறைத்து வைத்த யந்திரமே. வடநாட்டிலிருந்து வந்த கல்யாணகிரி முனிவர் முருகனை மீண்டும் அழைத்துச் செல்லவே பன்னிரண்டு ஆண்டு தவம் இருந்தார் என்றும், முருகனும் வள்ளியும் சிறுவனும் சிறுமியுமாக அவருக்குப் பணிவிடை செய்தனர் என்றும், ஈற்றில் அவர் இங்கேயே தங்கிவிட்டார் என்றும் ஐதிகம் கூறும். வள்ளியம்மன் கோயிலின் அருகே முஸ்லிம்களின் பள்ளிவாசல் உள்ளது. சற்று அப்பால் பௌத்தரின் கிரி விகாரை. சிங்களத் தாய்மார் பழத்தட்டுடன் எம் பக்கத்தில் நின்று, எம் கடவுளையே தம் கடவுளாகக் கண்ணீர் மல்க வணங்கினர்.

சர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் முருக வழிபாட்டையும் கதிர்காமத்தையும் பற்றி எழுதிய கட்டுரை 1924-ஆம் ஆண்டு அரச ஆசியக் கழகத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வெளியாயிற்று. கதிர்காமத்தைப் பற்றி அறிய விரும்பும் மாணவர் தேடிப் படிக்கத்தக்கது அது.

நூல்களிற் படித்த இவையெல்லாம் திரைக்கு முன்னே நின்றபோது எமக்கு உதவவில்லை. ஐந்தாறு நாள் நடந்து வந்தோம், பாதம் வெடித்திருந்தது, விரதம் காத்தோம். இத்தனைக்கும் பின்னர் இறைவன் முன்னிலையிற் சொல்வதற்கு எம்மிடம் இருந்தது ஒரு போத்தல் தண்ணீரின் கதைதான். அத்திரை எதையும் மறைக்கவில்லை என்றே தோன்றியது. மறைத்தவர் யாமே. நேர்த்திக்கடன்களை வரிசையாகச் சொல்ல வந்த நா எழவில்லை. வாய் கட்டிப் பூசை செய்யும் கப்புறாளையைப் போல யாமும் பேசாது நின்றோம். எம்மைக் கட்டியது துணி அன்று என்பதே வேறுபாடு.

திரும்பும் வழி

இரண்டு நாள் கதிர்காமத்தில் தங்கினோம். அன்னதான மடங்களின் பந்தியிலும், ஆற்றங்கரையிலும், கதிரமலைப் படிகளிலும், செல்லக்கதிர்காமத்துப் பிள்ளையார் கோயிலிலும் காலிலே பழந்துணி சுற்றிய அந்த முதியவரைத் தேடினோம். காவி உடுத்த மெலிந்த முதியவர் பலரைக் கண்டோம், அவரைக் காணவில்லை. இவராக இருக்குமோ என்று ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்துச் சென்றதில், வழக்கமாக யாம் பார்க்காமலே கடந்து செல்லும் முகங்கள் எத்தனை என்பது தெரிந்தது. மூன்றாம் நாள் பஸ்வண்டியில் ஏறினோம். சொல்லவேண்டிய ஒன்று சொல்லப்படாமலே எம்மிடம் தங்கிவிட்டது. அது இன்றும் இருக்கின்றது.

தலத்துக்குச் சென்றால் மனம் தூய்மையாகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். அது உண்மையே. ஆயினும் தூய்மையாவதற்கு முன்னர் அழுக்கு இருக்கும் இடம் தெரியவேண்டும். வீட்டில் உள்ளபோது எமக்கு அது தெரியவில்லை. அங்கே குழாயைத் திறந்தால் நீர் வரும். பிறருக்கு நீர் கொடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை. ஆதலால் யாம் நல்லவர் என்று நம்பியிருந்தோம். நாவலடி வெயில் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. முன்னோர் இவ்வளவு நெடிய வழியை, இவ்வளவு வறண்ட காட்டினூடாக ஏன் வைத்தனர் என்பது அப்போது ஒருவாறு விளங்கிற்று.

இவ்வழியே செல்ல விரும்பும் குடும்பத்தாருக்கும் மாணவருக்கும் சில கூறுவோம். வழி திறக்கும் நாளையும் மூடும் நாளையும் முன்னரே விசாரித்து அறிந்துகொள்க. வைகறையிற் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நடந்து, மாலைக்குள் கூட்டத்துடன் தங்குமிடத்தை அடைக. தனித்து நடத்தலும், இருளில் நடத்தலும் ஆகா. சுமையைக் குறைக்க, அரிசி, பருப்பு, மாற்றுடை, போர்வை, அன்றாட மருந்து இவையே போதும். வெற்றுப் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் காட்டில் எறியாது திரும்பக் கொண்டு வருக. அது விலங்குகளின் வீடு, நாம் விருந்தினர். நீரை மாத்திரம் சற்று மிகுதியாகவே எடுத்துச் செல்க.

அந்த மிகுதி உங்களுக்காக அன்று. வழியோரத்தில், ஏதோ ஒரு மரத்தின் வேரில், ஒருவர் அமர்ந்திருப்பார். உங்களைச் "சாமி" என்று அழைப்பார். அவரைக் கண்டால், எம் பொருட்டும் ஒரு வாய் நீர் கொடுங்கள்.